பத்திரம் எழுதினவர் மகன் ரிஜிஸ்டர் எழுதுகிறான்

அப்பா முப்பது வருடம் பத்திர எழுத்தர். தென்காசியில் சார்பதிவாளர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, முத்திரைத்தாள் வைக்கிற தகரப்பெட்டி. அவ்வளவுதான் அவர் கடை. இப்போது ஓய்வு. நான் மேலகரத்து வீட்டு மாடியில் உட்கார்ந்து, வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்காக எஸ்எஸ்டி டிரைவ்களைச் சோதித்துப் பார்க்கிற வேலை செய்கிறேன். தென்காசியில் கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னால் "மத்தளம்பாறையா?" என்பதுதான் முதல் கேள்வி. ஸோஹோ அங்கே வந்த நாளிலிருந்து அப்படித்தான். "இல்லை, வீட்டு மாடி" என்றால் முகம் கொஞ்சம் வாடும்.

போன வாரம் அப்பா காப்பியோடு மேலே வந்தார். நான் போனில், "ரிஜிஸ்டர்ல எழுதிட்டேன், இன்னும் மாறல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வைத்து முடிக்கும்வரை நின்றார்.

"என்ன ரிஜிஸ்டர்டே? யார் பேருக்கு எழுதுன?"

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால், இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதுதான் சரியான கேள்வி.

கம்ப்யூட்டரில் நாம் "எழுதுகிறோம்" என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஃபைலில் எழுதுவது. கல்யாண போட்டோவோ கணக்கு வழக்கோ, எழுதினது அப்படியே கிடக்கும். நாளைக்குத் திறந்தால் அதே எழுத்து இருக்கும். இன்னொன்று, டிரைவுக்குள் இருக்கிற கன்ட்ரோலர் சில்லின் ரிஜிஸ்டரில் எழுதுவது. தமிழில் பதிவகம் என்கிறார்கள். நான்கு பைட்டோ எட்டு பைட்டோ கொண்ட சின்னக் கட்டங்கள். அங்கே எழுதுவது சேமிப்பதற்கு அல்ல, ஒரு காரியம் நடக்க. எழுதின எண் அங்கேயே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஒரு கட்டத்தில் 1 என்று எழுதினால் இன்னொரு கட்டத்தில் 1 அழிந்து 0 ஆகும். ஒரு கட்டத்தில் எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால் 0 என்றே வரும், ஆனால் வேலை நடந்திருக்கும்.

இதை அப்பாவுக்குச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை. "பத்திரம் அப்படித்தான? நான் எழுதுறது வெறும் எழுத்து. ரிஜிஸ்டர் ஆச்சுன்னா தோப்பு கை மாறிருச்சு."

அதேதான். நான் எழுதுகிற ரிஜிஸ்டருக்கு 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டமெல்லாம் கிடையாது. 2011 மார்ச்சில் வெளியான என்விஎம்இ என்கிற விதிப்புத்தகம் இருக்கிறது. இன்றைக்கு லேப்டாப்பில் சூயிங்கம் பட்டை மாதிரி செருகியிருக்கிற டிரைவ்களில் பெரும்பாலானவை அந்தப் புத்தகப்படி நடப்பவை. லினக்ஸில் அவற்றோடு பேச என்விஎம்இ-சிஎல்ஐ என்று ஒரு கருவி. கறுப்புத் திரையில் கட்டளை தட்டுகிற வகை; பட்டன், படம், "நிச்சயமாகவா?" என்று கேட்கிற பெட்டி, எதுவும் கிடையாது. லினக்ஸின் கருவான கெர்னலை எழுதுகிறவர்களில் ஒருவரான கீத் புஷ் தொடங்கி வைத்தது. அதில் ஷோ-ரெக்ஸ் என்ற கட்டளை ரிஜிஸ்டர்களை எல்லாம் வரிசையாகக் காட்டும். அண்மைக்காலப் பதிப்புகளில் செட்-ரெக் என்றும் ஒன்று வந்திருக்கிறது. அது எழுதும். முன்பெல்லாம் இதற்கென்று நாமே சி மொழியில் ஒரு குட்டி புரோகிராம் எழுதி வைத்திருப்போம். ஆளுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் ஒரு பிழை.

ரிஜிஸ்டர் பட்டியல் ஒன்றும் பெரிதில்லை. முதல் எட்டு பைட், டிரைவ் தன்னால் என்னென்ன முடியும் என்று சொல்லிக்கொள்வது, படிக்க மட்டும். எட்டாவது பைட்டிலிருந்து (எண்ணுவது 0இலிருந்து) அது எந்தப் பதிப்புப் புத்தகப்படி நடக்கிறது என்பது. 20ஆவது பைட்டில் சிசி. அதுதான் ஆணை கொடுக்கிற இடம். 28ஆவது பைட்டில் சிஎஸ்டிஎஸ். அது நிலவரம் சொல்கிற இடம். சிசியின் கடைசி பிட்டை 1 ஆக்கினால் டிரைவ் வேலைக்கு வரும். தயாரானதும் சிஎஸ்டிஎஸ்ஸின் கடைசி பிட்டைத் தானே 1 ஆக்கிக்கொள்ளும். அதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதையும் டிரைவே முதல் ரிஜிஸ்டரில் சொல்லி வைத்திருக்கும், அரை அரை விநாடிக் கணக்கில்.

சிஎஸ்டிஎஸ்ஸில் கடைசிக்கு முந்தின பிட் 1 ஆனால் ஆபத்து. உள்ளே ஏதோ மீள முடியாதபடி உடைந்துவிட்டது என்று அர்த்தம். குற்றாலம் மெயினருவியில் பாதுகாப்பு வளைவு இருக்கிறதே, அந்த மாதிரி. வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை. போலீஸ்காரர் விசில் ஊதுவார். வளைவைப் பார்க்கலாம், படிக்கலாம். அதில் கை வைத்துத் தண்ணீரைக் குறைக்க முடியாது. சிஎஸ்டிஎஸ்ஸும் அநேகமாகப் படிக்கிற கட்டம்தான். அதில் எழுதிப் "சரியாக்க" முயல்கிற புதுப் பையன்களை வருடத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 32ஆவது பைட். அதில் ஒரு குறிப்பிட்ட எண்ணை எழுதினால் டிரைவ் முழுவதும், உள்ளே எத்தனை கன்ட்ரோலர் இருந்தாலும் சரி, மொத்தமாக ரீசெட் ஆகும். (எல்லா டிரைவிலும் இந்த வசதி இருக்காது. முதல் ரிஜிஸ்டரைப் பார்த்தால் தெரியும்.) எந்த எண் என்றால் 78, 86, 77, 101 என்று நான்கு பைட். ஆஸ்கி அட்டவணையில் பார்த்தால் என், வி, எம், சின்ன இ. டிரைவ் வகையின் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருக்கிறார்கள். வேறு எதை எழுதினாலும் ஒன்றும் நடக்காது. தவறிப்போய் ஒரு 1 விழுந்து டிரைவ் ரீசெட் ஆகிவிடக் கூடாது என்பதற்காக. அப்பா இதைக் கேட்டதும், "ரெண்டு சாட்சி கையெழுத்து மாதிரின்னு வையி" என்றார்.

பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கு மார்க் லார்ட் எழுதின எச்டிபார்ம் என்று ஒரு கருவி உண்டு. அவர் வேறு வழி பிடித்தார். சில அபாயமான வேலைகளுக்குக் கட்டளையோடு "நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும்" என்ற பொருள்பட ஒரு நீளச் சொல்லைத் தட்டியாக வேண்டும். அதைவிட மோசமானவற்றுக்கு, "தயவுசெய்து என் டிரைவை அழி" என்றே தட்ட வேண்டும். முதல் தடவை பார்த்தபோது சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்த ஆனிச் சாரல் தொடங்கின வாரம். வெளியே காற்று ஓலைகளைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது, கொடியில் போட்ட வேட்டி மூன்றாவது நாளும் ஈரம், கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. இலஞ்சிப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிற தம்பி ஒருவர் கம்ப்யூட்டரைச் சாக்கில் சுற்றி பைக்கில் வைத்துக் கொண்டுவந்தார். "அண்ணே, ரெண்டு கல்யாணம் உள்ள கெடக்கு. டிரைவ் தெரியுது, கொஞ்ச நேரத்துல காணாமப் போயிருது."

விண்டோஸை விட்டுவிட்டு, பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பினேன். டிரைவ் தெரிந்தது. ஃபோல்டர்கள் தெரிந்தன. காப்பி எடுக்க வெளி டிஸ்க்கைத் தேடிக் கீழே போய் வருவதற்குள் காணோம். கெர்னல் தன் குறிப்பில் எழுதியிருந்தது: கன்ட்ரோலர் விழுந்துவிட்டது, ரீசெட் செய்யப் போகிறேன், சிஎஸ்டிஎஸ் இது. அந்த "இது"வின் இடத்தில் எட்டு எஃப்.

எட்டு எஃப் என்றால் முப்பத்திரண்டு பிட்டும் 1. புதிதாகப் பார்க்கிறவர், தயார் பிட்டும் 1, ஆபத்து பிட்டும் 1 என்று படித்துக் குழம்புவார். அது பதிலே இல்லை. அந்தப் பக்கம் யாரும் எடுக்காதபோது வருகிற சத்தம். பிசிஐ பாதையில் ஒரு கேள்வி கேட்டு, பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் எல்லாம் 1 என்றுதான் கைக்கு வரும்.

எழுதுவது இன்னும் மோசம். பிசிஐ விதிகளில் இந்த மாதிரி எழுத்துக்குப் பெயரே "போஸ்டட்". தபால் பெட்டியில் போட்டாகிவிட்டது என்ற கணக்கு. போய்ச் சேர்ந்ததா என்று ஒப்புகை அட்டை வராது. ஆள் இல்லாத வீட்டுக்கு எத்தனை கடிதம் எழுதினாலும் ஒரு பிழைச்செய்தியும் உங்கள் திரையில் வராமல் போகலாம். அதனால்தான் டிரைவர், அதாவது டிவைஸை ஓட்டுகிற புரோகிராம், எழுதுகிறவர்கள் ஒரு ரிஜிஸ்டரில் எழுதினதும் அதையே ஒருமுறை படித்துப் பார்ப்பார்கள். படிப்புக்குப் பதில் வந்தாக வேண்டும். அதற்கு முன்னால் போன எழுத்து சேர்ந்துவிட்டது என்று உறுதி.

அந்தத் தம்பி என் தோளுக்குப் பின்னால் நின்று, "ஏதாவது எழுதி எழுப்ப முடியாதாண்ணே?" என்றார். கை துறுதுறுத்தது உண்மை. அந்த நான்கெழுத்துக் கடவுச்சொல் விரல் நுனியில் இருந்தது. ஆனால் எட்டு எஃப் வந்த டிரைவுக்கு எதை எழுதி என்ன. கெர்னல் தன் குறிப்பின் அடுத்த வரியிலேயே மருந்தும் எழுதி வைத்திருந்தது: உன் டிவைஸில் கோளாறான மின்சேமிப்பு ஏதும் ஓடுகிறதா, அப்படியானால் இந்த இரண்டு அமைப்பை மாற்றிப் பார். இதை எழுதி வைத்த கெர்னல்காரருக்கு நான் ஒரு ரம்புட்டான் பெட்டி கடன்பட்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். இந்த டிரைவ்கள் வேலையில்லாவிட்டால் தாமாகவே தூங்கும், ஆழம் ஆழமாக. சில டிரைவ்கள் சில போர்டுகளோடு சேரும்போது ஆழத் தூக்கத்திலிருந்து எழுவதில்லை. தூக்கத்துக்கு ஒதுக்கின தாமதத்தை 0 ஆக்கினால் டிரைவ் அந்த ஆழத்துக்கே போகாது. கம்ப்யூட்டரை முழுக்க அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மறுபடி கிளப்பி, அந்த அமைப்பைக் கொடுத்தேன். டிரைவ் கண் மூடவில்லை. ஒரு ரிஜிஸ்டரிலும் நான் எழுதாமல் இரண்டு கல்யாணமும் ஒரு வளைகாப்பும் வெளியே வந்தன.

காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த டிரைவின் ஸ்மார்ட் பதிவைப் பார்த்தேன். அதில் "பாதுகாப்பில்லாத நிறுத்தம்" என்று ஒரு எண்ணிக்கை இருக்கும். இருநூற்றுக்கு மேல். "யுபிஎஸ் இல்லையா?" "பேட்டரி போய் ஒரு வருசம் ஆச்சுண்ணே."

இங்கேயும் ரிஜிஸ்டர்தான். முறையாகக் கம்ப்யூட்டரை அணைத்தால், கடைசியில் டிரைவர் சிசி ரிஜிஸ்டரில் இரண்டு பிட்டை மாற்றி, "கடையைக் கட்டு" என்று எழுதும். டிரைவ் உள்ளே கையில் வைத்திருப்பதை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, சிஎஸ்டிஎஸ்ஸில் "கட்டியாச்சு" என்று பதில் எழுதும். அதற்கப்புறம்தான் கரண்ட் போக வேண்டும். மெயினருவித் தண்ணீர் மலையிலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை. பாதி வழியில் பொங்குமாங்கடல் பள்ளத்தில் விழுந்து, பொங்கி, பிறகுதான் இறங்குகிறது. டிரைவுக்குள்ளும் அப்படி ஒரு பள்ளம் இருக்கும். நாம் எழுதினது முதலில் அங்கே. "சேமிக்கப்பட்டது" என்று திரை சொல்லும்போதும் பாதி அங்கேதான் பொங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரம் கரண்ட் போனால் பள்ளத்தில் இருந்தது போச்சு. கடையைக் கட்டு என்று எழுத ஆள் இல்லாமல் செத்த ஒவ்வொரு தடவையும் டிரைவ் ஒன்றென்று எண்ணிக்கொள்ளும். தம்பியை யுபிஎஸ் பேட்டரி வாங்கச் சொன்னேன். வாங்கவில்லை. சீஸன் முடியட்டும் என்கிறார். சீஸனில்தானே கரண்ட் போகும்.

இனி என் கதை.

சோதனை வேலைக்கென்று மாடியில் ஒரு மெஷின் வைத்திருக்கிறேன். இரண்டு என்விஎம்இ டிரைவ். ஒன்றில் லினக்ஸ், இன்னொன்று பலிகடா. சாதாரணமாக லினக்ஸ் கெர்னல், தன் டிரைவர் கையில் இருக்கிற டிவைஸின் ரிஜிஸ்டரை வெளியிலிருந்து நேரே தொட விடாது. கெர்னலைக் கட்டும்போது அந்தக் காவல் போடப்பட்டிருந்தால், என்விஎம்இ கருவி "மேப் செய்ய முடியவில்லை, உன் கெர்னலில் காவல் போட்டிருக்கிறாயா?" என்று கேட்டுவிட்டு நின்றுவிடும். எனக்கு அது தொந்தரவு. காவலை எடுத்துவிட்டுக் கெர்னல் கட்டி வைத்திருந்தேன்.

காவல் எதற்கு என்று தெரியாமல் இல்லை. 2008இல், லினக்ஸ் 2.6.27 வெளிவருவதற்கு முந்தின சோதனைப் பதிப்புகளில், இன்டெல்லின் ஒருவகை நெட்வொர்க் கார்டுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. கார்டின் டிரைவர்தான் காரணம் என்று பல நாள் அதையே குடைந்தார்கள். கடைசியில் பார்த்தால் அதற்குச் சம்பந்தமே இல்லாத எஃப்ட்ரேஸ் என்கிற தடம் பார்க்கும் வசதி. அது ஒரு காலத்தில் புரோகிராம் இருந்த முகவரியைக் குறித்து வைத்திருந்தது. அந்த இடம் காலியாகி, கார்டின் ஃபிளாஷ் நினைவகம் அதே முகவரியில் குடியேறிவிட்டது. பழைய முகவரியை நம்பிப் போய் எழுதினதில் கார்டின் உயிர்க்குறிப்பு அழிந்தது. பழைய சர்வே நம்பரை வைத்துப் பத்திரம் எழுதி, பக்கத்து நிலத்தை விற்ற மாதிரி.

இதைப் படித்து, ரசித்து, நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனாலும்.

அன்றைக்குச் செய்ய வேண்டியது சின்ன வேலை. பலிகடாவின் சிசி ரிஜிஸ்டரில் கடைசி பிட்டை 0 ஆக்கி, கன்ட்ரோலர் எவ்வளவு நேரத்தில் படுக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கிற லினக்ஸில் சிசி ஹெக்ஸா எண்ணில் பெரும்பாலும் 460001 என்று இருக்கும். அதில் 6 என்பது கேட்கிற கட்டளை ஒவ்வொன்றும் 2இன் ஆறாம் அடுக்கு, 64 பைட் என்பதற்கு. 4 என்பது வருகிற பதில் ஒவ்வொன்றும் 16 பைட் என்பதற்கு. கடைசி 1, "வேலையில் இரு." நான் எழுத வேண்டியது 460000. ஒன்று குறைவு.

காலையில் மெஷினைத் திறந்து கார்டுகளை இடம் மாற்றிச் செருகியிருந்தேன். என்விஎம்இ-0, என்விஎம்இ-1 என்ற எண்கள் டிரைவின் பெயர் அல்ல; கிளம்பும்போது கெர்னல் கண்டுபிடித்த வரிசையில் வைக்கிற டோக்கன். நேற்றைய 1 இன்றைக்கு 0 ஆகலாம். ஆகியிருந்தது. நான் நேற்றைய நினைவில் 1இல் எழுதினேன்.

மவுஸ் அம்பு நகர்ந்தது. மூலையில் கடிகாரம் ஓடியது. அதனால் முதலில் புரியவில்லை. இன்னொரு டெர்மினலில் ஃபைல் பட்டியல் கேட்டேன். கர்சர் அடுத்த வரிக்குப் போய் அங்கேயே நின்றது. பிரவுசரைத் தொட்டேன், உறைந்தது. லினக்ஸ் குடியிருக்கிற வீட்டையே நான் "வேலையில் இராதே" என்று படுக்கப் போட்டிருக்கிறேன் என்பது வயிற்றில் முதலில் உறைத்து, அப்புறம்தான் தலைக்கு ஏறியது. பவர் பட்டன் மேல் விரல் போய்விட்டது. அழுத்தாமல் நின்றதற்குத் துணிச்சல் காரணமில்லை, பயத்தில் கை வரவில்லை.

கெர்னல் தான் அனுப்பின கட்டளைக்கு முப்பது விநாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் அந்தக் கட்டளையை ரத்து செய் என்று கேட்கும். அதற்கும் பதில் வராவிட்டால்தான் கன்ட்ரோலரையே ரீசெட் செய்யும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு நிமிடத்தில் கீழே அம்மா குக்கர் இறக்குகிற சத்தம் கேட்டது, தெருவில் மங்குஸ்தான் வண்டி ஒன்று கூவிக்கொண்டு போனது. பிறகு டிரைவரே 460001 என்று எழுதி எழுப்பிவிட்டது. நின்றிருந்த எல்லாம் ஒரே மூச்சில் ஓடியது. நான் தட்டின ஃபைல் பட்டியலும் சமத்தாக வந்து விழுந்தது. ஒன்றும் போகவில்லை. அதே இடத்தில் நான் அழி என்ற கட்டளையைக் கொடுத்திருந்தால் எழுப்ப ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அப்பாவிடம் இதையும் சொன்னேன். வீட்டு மனையை எடுத்து அடுத்தவன் பேருக்கு எழுதிட்டேன், டிரைவர் வந்து திருத்தல் பத்திரம் போட்டுக் காப்பாத்துச்சு என்று அவர் பாஷையில். அவர் காப்பி டம்ளரை வைத்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டார்.

"வில்லங்கம் போட்டுப் பாத்தியா?"

"இல்லப்பா."

"நாலு மால் பாத்தியா?"

சர்வே நம்பர் உட்பிரிவாகும், மாறும். எழுதுகிறவன் தப்பாகவும் எழுதுவான். அதனால்தான் பத்திரத்தில் சக்குபந்தி என்று நாலு மாலும், அதாவது நான்கு எல்லையும், எழுதுவது: வடக்கே இன்னார் கிணறு, தெற்கே வாய்க்கால், மேற்கே பொதுப்பாதை, கிழக்கே இன்னார் வயல். நம்பர் மாறினாலும் வாய்க்கால் மாறாது என்றார். மாறாதது உன் பெட்டியில் ஒன்றுமே இல்லையா என்றும் கேட்டார்.

இருக்கிறது. சீரியல் எண். ஆலையில் எழுதினது, எந்தத் துளையில் செருகினாலும் அதே.

அன்றைக்கு ராத்திரி இருபது வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். லினக்ஸில் தமிழிலேயே ஃபைல் பெயர் வைக்கலாம் என்பதால் அதன் பெயர் "வில்லங்கம்". செட்-ரெக்கை நான் இப்போது நேராகக் கூப்பிடுவதில்லை, அது வழியாகத்தான். முதலில் டிரைவின் மாடலையும் அதில் எந்தெந்தப் பகுதி இப்போது புழக்கத்தில் இருக்கிறது என்பதையும் காட்டும். சிசி, சிஎஸ்டிஎஸ் இரண்டையும் படித்துக் காட்டும். எட்டு எஃப் வந்தால் அங்கேயே நின்றுவிடும். எல்லாம் சரி என்றால், டிரைவின் மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார்த்து சீரியலின் கடைசி நான்கு எழுத்தைத் தட்டச் சொல்லும். திரையில் காட்டாது. எழுந்து போய், குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தாக வேண்டும். எச்டிபார்ம்காரர் தட்டச் சொன்னதைவிட இது கொஞ்சம் கொடுமை. முதுகு வலிக்கிறது.

நேற்று ராத்திரி அதை ஓட்டினேன். பலிகடா என்று நினைத்து 0ஐக் கொடுத்தேன். குனிந்து பார்த்துத் தட்டின நான்கு எழுத்தை அது ஏற்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தேன். எழுத்து சரி. எண்தான் மறுபடி மாறியிருந்தது.